ஊர்தோறும் சோதனை, ஊர்தோறும் மருந்து

நீண்ட இழைப் பருத்திக்குப் பேர்பெற்ற எகிப்து நாட்டை நம் நெசவாளர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நைல் நதியின் வாய்க்கால் நீரால் விளைவது அந்தப் பருத்தி. அவ்வாய்க்கால்களில் இறங்கி உழைத்த விவசாயிகளுக்கு நேர்ந்த பெருந்துன்பத்தையும், அதிலிருந்து அந்நாடு மீண்ட வழியையும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நீரில் வாழும் ஒருவகை நத்தையின் மூலம் பரவும் புழுநோய் எகிப்தியக் குடியானவர்களை நெடுங்காலம் வாட்டி வந்தது. அதை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை, சர்க்கார் ஊசிமருந்து செலுத்தி வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால், கண்ணாடி ஊசிக்குழல்கள் சரிவரக் கொதிக்க வைக்கப்படாமல் பலருக்கும் பயன்பட்டன. ஒருவர் இரத்தத்திலிருந்த கிருமி மற்றவர் இரத்தத்தில் புகுந்தது. அக்கிருமி இன்னதென அந்நாளில் உலகில் எவரும் அறியார். 1989-ஆம் ஆண்டில்தான் அது அடையாளம் காணப்பட்டு ஹெபடைடிஸ் சி எனப் பெயர் பெற்றது.

இந்நோயின் கொடுமை அதன் மௌனமே. பலருக்கு வலியோ காய்ச்சலோ இன்றி இருபது, முப்பது ஆண்டுகள் உடலில் தங்கிக் கல்லீரலை அரிக்கும். கல்லீரல் இறுகிய பின்னரோ, புற்றுநோய் கண்ட பின்னரோதான் நோயாளி ஆஸ்பத்திரியை நாடுகிறார்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் சோபாஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு அங்கு அதன் விலை 84,000 டாலர். எகிப்து சர்க்கார் 2014-இல் பேரம் பேசி, அதே மருந்தை 900 டாலருக்குப் பெற்றது. பின்னர் உள்நாட்டுக் கம்பெனிகளே அதைத் தயாரிக்கவே, விலை நூறு டாலருக்கும் கீழே இறங்கிற்று. பலருடைய தேவையை ஒன்றாகத் திரட்டிக் கொள்முதல் செய்தால் விலை இறங்கும் என்பது கூட்டுறவாளர்க்குப் புதிய பாடம் அன்று.

மருந்து மலிந்தது, ஆயினும் வேலை முடியவில்லை. தமக்கு நோய் உண்டென அறிந்தவர்கள் சிகிச்சை நிலையங்களுக்கு வந்து குணமடைந்தனர். 2016-க்குள் காத்திருந்தோர் வரிசை கரைந்தது. நோய் ஒழிந்ததனால் அன்று, அறியாதவர்கள் வராததனால். உடம்பில் ஒரு குறையும் தோன்றாத உழவன், ஒரு நாள் கூலியை இழந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏன் போவான்?

ஆகவே சோதனையே அவனைத் தேடிச் சென்றது. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை, ஏழே மாதங்களில், ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் சோதிக்கப்பட்டனர். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், ஆஸ்பத்திரிகளிலும், ஊர் சுற்றும் மருத்துவ வண்டிகளிலும் இச்சோதனை நடந்தது. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். சில நிமிஷங்களில் முடிவு தெரியும். அத்துடன் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்பட்டன. நோயின் சுவடு தெரிந்தவர் சுமார் 22 லட்சம் பேர். இரண்டாவது சோதனையில் கிருமி உறுதிப்பட்டவர்களுக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தது. உட்கொள்வோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாக்கும் மருந்து அது. ஒரு காலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேரைப் பீடித்திருந்த நோய் இருநூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாயிற்று. 2023 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் இச்சாதனையை அங்கீகரித்தது.

நகரத்தில் பெரிய பாங்கு ஒன்று இருந்ததனால் மட்டும் கிராமத்துக் கடன் தீர்ந்துவிடவில்லை; ஊர்தோறும் கடன் சங்கம் எழுந்த பின்னரே எளியவன் வட்டிக்காரனிடமிருந்து மீள வழி பிறந்தது. வைத்தியத்துக்கும் இதுவே நியதி. நிபுணர் ஒருவரிடம் ஊர் முழுவதும் போய் நிற்பதைவிட, அருகிலுள்ள டாக்டரும் நர்ஸும் சோதித்து மாத்திரை கொடுப்பதே பலரைக் காக்கும். சிக்கலான நோயாளியை மட்டும் நிபுணரிடம் அனுப்பினால் போதும்.

நம் நாட்டிலும் 2018 ஜூலை 28 அன்று இதற்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. சோதனையும் மருந்தும் அதில் இலவசம். முன்னாளில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், சுத்தம் செய்யாத ஊசி போட்டுக்கொண்டவர்கள், பச்சை குத்திக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. உடனிருந்து உண்பதாலோ, தொடுவதாலோ இது பரவாது; ஆதலின் நோயாளியை ஒதுக்குவதற்குக் காரணமே இல்லை.

அங்கத்தினர்களே! உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனை உண்டா என விசாரியுங்கள். இல்லையெனில், அடுத்த மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றிச் சுகாதார அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். தனி மனிதன் கேட்டால் அது விண்ணப்பம். சங்கம் கேட்டால் அது ஊரின் குரல்.