விலை கூடிய சைக்கிள் சாமான் வாங்கலாமா?

பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கினால் மட்டும் போதாது. சங்கிலி, பிரேக், டயர் என்று செலவு தொடர்ந்து வரும். கடைக்காரர் மலிவானதையும் விலை கூடியதையும் எடுத்து வைப்பார். பெற்றோர்களே, எதை வாங்குவது?

1921-ஆம் ஆண்டில் ஜப்பானின் சக்காய் நகரில் தொடங்கிய ஷிமானோ நிறுவனத்துக்கு நம் ஜொகூரின் பொந்தியானிலும் தொழிற்சாலை உண்டு. அதன் சாமான்களிலேயே பல தரங்கள் இருக்கின்றன. நடுத்தரம் வரையில் கொடுக்கிற காசுக்கு உறுதி கூடுகிறது. அதற்கு மேல் பெரும்பாலும் எடைதான் குறைகிறது. பிள்ளையும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்றால், 300 கிராம் குறைவது அரை விழுக்காடுதான். பந்தய வீரருக்கு அது பெரிது. புத்தகப் பை சுமந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

ஆனால், பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்மில் நன்றாகப் பிடிக்கும். லாபிஸிலிருந்து சாஆ வழியாக யோங் பெங் போகும் பெருஞ்சாலையில் லாரிகள் ஓடுவதை மறந்துவிடாதீர்கள்.

சங்கிலிக்குச் சாதாரண வகையே போதும். தோட்டத்துச் செம்மண் எதையும் தேய்த்துவிடும். அடிக்கடி துடைத்து எண்ணெய் விடுங்கள். புதுச் சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் உடனே மாற்றுங்கள். தாமதித்தால் பல்சக்கரமும் தேய்ந்து, அந்தச் செலவும் சேர்ந்துகொள்ளும்.

பளபளப்புக்குக் கொடுக்கிற வெள்ளியைப் பிரேக்குக்குக் கொடுங்கள். பிள்ளை பத்திரமாக வீடு திரும்பட்டும்.