கொன்றை மரங்களின் வகைப்பாடும் பெயரீடும்

கொன்றை என்பது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல மரங்களுக்கும் செடிகளுக்கும் தமிழில் பொதுவாக வழங்கும் பெயர். இலக்கியத்திலும் சிவ வழிபாட்டிலும் கொன்றை எனப்படுவது சரக்கொன்றை என்ற ஒரே மரம். ஆனால் இன்றைய பேச்சு வழக்கில், பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் வேறு பல மரங்களும் இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் போன்ற ஊர்களில் கோடையில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் மரம் எதுவானாலும் அதைக் கொன்றை என்று சொல்லக் கேட்கலாம். இவற்றுள் சில இம்மண்ணுக்குரியவை. சில வெளிநாட்டிலிருந்து வந்தவை. ஒன்று இன்று தமிழகக் காடுகளுக்கே கேடாக மாறியுள்ளது. எனவே இவற்றைப் பிரித்தறிவது தோட்டக்கலை மாணவர்களுக்கு மட்டுமன்றி, மரக்கன்று நடும் எவருக்கும் தேவையானது.

குடும்பம்

கொன்றைகள் அனைத்தும் ஃபேபேசி எனப்படும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய பாடநூல்களில் இவை சிசால்பினியேசி என்ற தனிக் குடும்பமாகக் காட்டப்பட்டிருக்கும். 2017-ஆம் ஆண்டு அவரைக் குடும்ப ஆய்வாளர்கள் பலர் இணைந்து வெளியிட்ட வகைப்பாட்டில் இக்குடும்பம் ஆறு துணைக் குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டது. அதன்படி கொன்றை, ஆவாரை ஆகியவற்றுடன் வாகை, வன்னி, கருவேலம் ஆகியவையும் சிசால்பினியாய்டே என்ற ஒரே துணைக் குடும்பத்தில் அடங்கும்.

ஒரு பேரினம் மூன்றானது

கொன்றை ஐரோப்பியத் தாவர நூல்களில் இடம்பெற்றதில் கேரளத்துக்குப் பங்கு உண்டு. டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுத்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலின் முதல் தொகுதியில் (1678) 'கொன்ன' என்ற மலையாளப் பெயருடன் இம்மரம் படத்தோடு விவரிக்கப்பட்டுள்ளது. 1753-இல் லின்னேயஸ் இதற்குக் காசியா ஃபிஸ்டுலா என்ற இருசொற்பெயரை அளித்தார். ஃபிஸ்டுலா என்ற இலத்தீன் சொல்லுக்குக் குழல் என்பது பொருள். நீண்டு உருண்ட காயைக் குறித்து வந்த பெயர் இது.

லின்னேயஸ் ஆவாரை, தகரை, நிலாவரை போன்றவற்றையும் காசியா என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை அறிஞர் சென்னா என்ற தனிப் பேரினத்தை ஏற்றுக்கொண்டார். ஆயினும் 1871-இல் பெந்தாம் வெளியிட்ட ஆய்வு எல்லாவற்றையும் மீண்டும் காசியாவுக்குள்ளேயே மூன்று பிரிவுகளாக வகுத்தது. காம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூல் உட்பட நம் பழைய நூல்கள் இதையே பின்பற்றின. 1982-இல் இர்வின், பார்னெபி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் அம்மூன்று பிரிவுகளைத் தனித்தனிப் பேரினங்களாக உயர்த்தினர்.

1. காசியா: சுமார் 30 சிற்றினங்கள். சரக்கொன்றை இதில் அடங்கும்.
2. சென்னா: 250-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். ஆவாரை, நிலாவரை, தகரை, பேயாவாரை, வண்டுகொல்லி ஆகியவை இதில் அடங்கும்.
3. கமேகிரிஸ்டா: 300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள். நம் நாட்டில் காணப்படுபவை பெரும்பாலும் சிறு செடிகள்.

பூவைக் கொண்டு பிரித்தறிதல்

சரக்கொன்றைப் பூ ஒன்றைக் கையில் எடுத்தால் பத்து மகரந்தத்தாள்களைக் காணலாம். அவற்றுள் கீழ்ப்புறம் உள்ள மூன்று மட்டும் மிக நீண்டு, வில் போல வளைந்து நிற்கும். இதுவே காசியா பேரினத்தின் முதன்மை அடையாளம். பூக்காம்பில் இரண்டு சிறு செதில்களும் இருக்கும்.

ஆவாரைப் பூவில் மகரந்தத்தாள்கள் இவ்வாறு நீண்டு வளைவதில்லை. பூக்காம்பில் அச்செதில்களும் இல்லை. சென்னா பூக்களின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை திறக்கும். வண்டு பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசைகளை அதிரச் செய்யும்போது அத்துளை வழியாக மகரந்தம் உதிர்கிறது. ஆவாரைப் பூவில் பெரிய கருவண்டு ரீங்காரமிடுவதன் காரணம் இதுவே.

கமேகிரிஸ்டாவின் காய் முற்றியதும் முறுக்கி வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். அதன் வேர்களில் நைட்ரசனை நிலைப்படுத்தும் வேர்முடிச்சுகள் உண்டு. அவரைக் குடும்பத்தவையாக இருந்தும் சரக்கொன்றைக்கும் ஆவாரைக்கும் வேர்முடிச்சுகள் இல்லை.

பெயர் மாறுவதன் விதிகள்

ஆவாரையின் இன்றைய பெயர் சென்னா ஆரிகுலேட்டா (லி.) ராக்ஸ்ப். என்று எழுதப்படுகிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பவர் முதலில் பெயரிட்டவர், அதாவது லின்னேயஸ். வெளியே இருப்பவர் அதைப் புதிய பேரினத்துக்கு மாற்றியவர். அதாவது சென்னை மாகாணத்திலும் பின்னர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலும் பணியாற்றிய ராக்ஸ்பர்க். பேரினம் மாறினாலும் சிற்றினச் சொல் மாறாமல் உடன் வரவேண்டும் என்பது விதி. ஆரிகுலேட்டா என்பது காது போன்றது எனப் பொருள்படும். ஆவாரையின் இலையடிச் செதில்கள் காது வடிவில் இருப்பதால் வந்த சொல்.

இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. நிலாவரைக்கு லின்னேயஸ் இட்ட பெயர் காசியா சென்னா. அதைச் சென்னா பேரினத்துக்கு மாற்றினால் 'சென்னா சென்னா' என்று ஆகிவிடும். விலங்கியலில் இவ்வாறு இரட்டிப்பது ஏற்கப்படுகிறது. நல்லபாம்பின் பெயரே நாஜா நாஜா. ஆனால் தாவரப் பெயரீட்டு விதி இதை அனுமதிப்பதில்லை. எனவே மில்லர் இட்ட சென்னா அலெக்ஸாண்ட்ரினா என்ற பெயரே செல்லும். திருநெல்வேலிச் சென்னா என்ற வணிகப் பெயரில் ஏற்றுமதியாகும் இலை இச்செடியினுடையதே. காசியா அங்குஸ்டிஃபோலியா என்று மருந்து நூல்களில் காண்பதும் இதே செடிதான்.

கொன்றை எனப்படும் பிற மரங்கள்

மயிற்கொன்றை: செசால்பினியா புல்செரிமா. வீட்டு வாசலில் வளர்க்கும் புதர்ச்செடி. பேரினப் பெயர் இத்தாலியத் தாவரவியலாளர் செசால்பினோவை நினைவுகூர்கிறது. புல்செரிமா என்பதற்கு மிக அழகானது என்பது பொருள். பார்படோஸ் நாட்டின் தேசிய மலரும் இதுவே.

செம்மயிற்கொன்றை: டெலோனிக்ஸ் ரீஜியா. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. நம் வாதநாராயணன் மரம் இதே பேரினத்தைச் சேர்ந்த டெலோனிக்ஸ் எலாட்டா ஆகும்.

பெருங்கொன்றை: பெல்டோஃபோரம் டெரோகார்பம். இயல்வாகை என்றும் பெயருண்டு. செம்புநிறத் தட்டைக் காய்களால் எளிதில் அறியலாம்.

மஞ்சள் கொன்றை: சென்னா சியாமியா. சயாம் நாட்டின் பெயரால் வழங்குவது. சாலையோரங்களில் மிகுதியாக நடப்பட்டுள்ளது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அமெரிக்க மரமும் இதே தமிழ்ப் பெயரால் அழைக்கப்படுவது குழப்பத்துக்கு இடமளிக்கிறது.

இளஞ்சிவப்பாகப் பூக்கும் காசியா ஜாவானிகா, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய காசியா ராக்ஸ்பர்கை ஆகியவை சரக்கொன்றையின் நெருங்கிய உறவுகள். நாற்றுப் பண்ணைகளில் காசியா நோடோசா என விற்கப்படுவது காசியா ஜாவானிகாவின் ஒரு துணைச் சிற்றினமே.

கலப்பினங்களும் அழகு இரகங்களும்

மனிதர் தெரிவு செய்து பெருக்கும் இரகங்களுக்குப் பெயரிட, பயிரிடப்படும் தாவரங்களுக்கான தனிப் பன்னாட்டு விதித்தொகுப்பு 1953 முதல் உள்ளது. இதன்படி இரகப் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதப்படும். 1959-க்குப் பின் இடப்படும் இரகப் பெயர் இலத்தீனில் இருத்தல் கூடாது.

சரக்கொன்றையும் காசியா ஜாவானிகாவும் கலந்து பிறந்த மரம் காசியா × நீலியே எனப்படுகிறது. நடுவிலுள்ள பெருக்கல் குறி இது கலப்பினம் என்பதைக் காட்டும். ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரச் சாலைகளில் காணப்படும் 'வில்ஹெல்மினா டென்னி' இதன் புகழ்பெற்ற இரகம். இது பெரும்பாலும் காய்ப்பதில்லை. எனவே விதை வழியாக அல்லாமல் ஒட்டு, பதியம் போன்ற முறைகளில் பெருக்கப்படுகிறது.

மயிற்கொன்றையில் மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் பூப்பவை தனிச் சிற்றினங்கள் அல்ல. நிற வேறுபாடுகள் மட்டுமே.

பெயர்க் குழப்பத்தின் விளைவுகள்

சென்னா ஸ்பெக்டாபிலிஸ் நடு, தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஸ்பெக்டாபிலிஸ் என்றால் காணத்தக்கது. அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்ட இம்மரம் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, யானையும் மானும் மேயும் புல்லையும் உள்நாட்டுச் செடிகளையும் வளரவிடாமல் மூடிவிட்டது. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் படர்தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது. வெட்டப்படும் இம்மரம் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலைக்குக் கூழ்மரமாகப் பயன்படுகிறது.

இந்நிலையில் 'கொன்றை' என்ற பெயரை மட்டும் நம்பினால் இரு தவறுகள் நேரலாம். சரக்கொன்றை என எண்ணி இந்த அயல்மரத்தை நடலாம். அயல்மரத்தை ஒழிக்கிறோம் என எண்ணி மண்ணின் மரமான சரக்கொன்றையை வெட்டலாம்.

மருந்திலும் கவனம் தேவை. ஆவாரம்பூ நாம் உணவில் சேர்ப்பது. அதன் உறவான பேயாவாரையின் விதை நச்சுத்தன்மை உடையது. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் அதன் விதைகளைத் தின்ற குழந்தைகள் மூளை, கல்லீரல், தசை ஆகியவை பாதிக்கப்பட்டு இறந்தது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பெயரில் 'ஆவாரை' இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

எளிய அடையாளங்கள்

முதலில் இலையைப் பார்க்க வேண்டும். நடுநரம்பு கிளைத்து, கிளைகளில் மிகச் சிறிய சிற்றிலைகள் இருந்தால் அது மயிற்கொன்றை, செம்மயிற்கொன்றை, பெருங்கொன்றை ஆகிய மூன்றில் ஒன்று. கிளைக்காத ஒரே நடுநரம்பில் இணை இணையாகச் சிற்றிலைகள் இருந்தால் அது காசியா அல்லது சென்னா. பின்வருவன இவ்விரண்டாம் வகையைப் பிரித்தறிய உதவும்.

சரக்கொன்றை: 3 முதல் 8 இணைப் பெரிய சிற்றிலைகள், கீழ்நோக்கித் தொங்கும் பூங்கொத்து, 30 முதல் 60 செ.மீ. நீளமுள்ள, வெடிக்காத கரிய உருளைக் காய்.

சென்னா சியாமியா: 6 முதல் 12 இணை, மழுங்கிய நுனியுடைய சிற்றிலைகள், கிளை நுனியில் நிமிர்ந்த பூங்கொத்து, தட்டையான காய்.

சென்னா ஸ்பெக்டாபிலிஸ்: 10 முதல் 15 இணை, கூரிய நுனியுடைய சிற்றிலைகள், நிமிர்ந்த பெரிய பூங்கொத்து, சரக்கொன்றையினும் குட்டையான உருளைக் காய்.

ஆவாரை: ஆள் உயரப் புதர், இணைச் சிற்றிலைகளுக்கு இடையே சிறு சுரப்பிகள், காது வடிவ இலையடிச் செதில்கள், மெல்லிய தட்டைக் காய்.

நாற்றுப் பருவத்தில் பூவும் காயும் இராது என்பதால், பள்ளி, கோயில், ஏரிக்கரை ஆகிய இடங்களில் நடுவதற்குக் கன்று வாங்குவோர் காசியா ஃபிஸ்டுலா என்ற பெயரைச் சொல்லிக் கேட்பதும், விதை எந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று விசாரிப்பதும் நல்லது. அருகிலுள்ள சரக்கொன்றை மரத்தடியில் விழுந்த காயை எடுத்து, விதையின் கடினமான தோலைச் சற்றுத் தேய்த்து ஊறவைத்து முளைக்கச் செய்தால் எந்த ஐயத்துக்கும் இடமில்லை.