கலத்தின் அளவறிதல்

ஒரு கொத்துப் பேணியிலே இரு கொத்து அரிசியைக் கொட்டினால், மிகுதி நிலத்திலே சிந்தும், அதனை அள்ளிக்கொள்ளலாம். கணினியின் நினைவகத்திலோ சிந்துவது வெறுநிலத்தில் விழுவதில்லை. அடுத்திருக்கும் பொருளை அழித்து, அதன் இடத்திலே தான் அமர்ந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் றிச்சி என்பார் ஆக்கிய சீ மொழி இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. உள்வரும் ஒரு வரியைப் பெறுவதற்கு அம்மொழியில் ‘கெற்ஸ்’ என்னும் கட்டளை இருந்தது. வரியை எங்கே இடுவது என்பதை அஃது அறியும். அவ்விடம் எவ்வளவு கொள்ளும் என்பதை அறியாது. வரி முடியும்வரை வருவதையெல்லாம் இட்டுக்கொண்டேயிருக்கும்.

இதனால் விளையுங் கேடு 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி வெளிப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் விடுத்த ‘புழு’ என்னும் செய்நிரல் அன்று இணையத்திலே பரவியது. கணினியைப் பயன்படுத்துவோர் யாவர் என்று கேட்போர்க்கு விடைதரும் ‘பிங்கர்’ சேவை, அது நுழைந்த வழிகளுள் ஒன்று. அச்சேவை 512 பைற் கொள்ளும் இடத்திலே கெற்ஸ் கொண்டு வரியை வாங்கியது. புழுவோ 536 பைற் அனுப்பியது. கணினி அடுத்து எங்கே திரும்பவேண்டும் எனக் குறித்துவைத்திருந்த முகவரியை அம்மிகுதி மாற்றிற்று. கணினியும் அயலான் ஏவியதைச் செய்யத் தலைப்பட்டது.

2011ஆம் ஆண்டின் சீ மொழித் தராதரம் கெற்ஸை முற்றாக நீக்கியது. அதனிடத்திலே கையாளத்தக்கது ‘எவ்கெற்ஸ்’. இஃது இடத்தின் அளவையும் கேட்டறியும். 80 என்று கூறினால், 79 பைற்றுக்கு மேல் வாங்காது. எஞ்சியதை முடிவுக்குறிக்கென வைத்துக்கொள்ளும்.

ஆயினும் கடமை அத்துடன் முடிந்ததாகாது. எதுவும் வாசிக்கப்படாதவிடத்து எவ்கெற்ஸ் வெறுமையைத் திருப்பும்; அதனை முதலிற் சோதித்தல் வேண்டும். வாங்கியதன் ஈற்றிலே புதுவரிக்குறி இருப்பின் வரி முழுமையானது. இல்லையேல், அது கோப்பின் இறுதி வரியாகலாம். அன்றேல், நீண்ட வரியின் மீதி இன்னும் காத்திருக்கலாம். அம்மீதியைக் கவனியாது விட்டால் அடுத்த வரியாக வாசிக்கப்படும். ஒரு மாணவனின் பெயரின் வால், மற்றொரு மாணவனின் பெயராகப் பதிவாகிவிடும்.

தமிழைக் கையாள்வோர் மற்றொன்றையும் மனங்கொள்ளல் நன்று. இன்று பெருவழக்கான யூ.ரி.எவ்.-8 முறையிலே தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைற் கொள்ளும். ‘கொழும்பு’ என்பது கண்ணுக்கு 4 எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் இரண்டு குறிகளால் ஆனது. ஆதலின் அச்சொல்லுக்கு 24 பைற் வேண்டும். 20 பைற் இடமே கொடுத்தால், எவ்கெற்ஸ் ‘பு’ என்னும் எழுத்தின் நடுவிலே வெட்டிவிடும். திரையிலே சிதைந்த குறியே தோன்றும்.

பழைய பாடநூல்களிலே கெற்ஸைக் காணும் மாணவர், அதனை எவ்கெற்ஸாக மாற்றி எழுதிப் பழகுதல் வேண்டும். அனுப்புவோர் அளவறிந்து அனுப்புவர் என நம்பியிருத்தல் தகாது. கொள்ளும் அளவை வகுத்தல் ஏற்போரின் பொறுப்பேயாகும்.