மீனுக்கு மருந்து போட்டாச்சு... தண்ணீருக்கு?

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசை கட்டி நிற்கும் தெருக்களில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "அண்ணே, கோல்டு பிஷ் உடம்பு பூரா வெள்ளை வெள்ளையா புள்ளி வந்திருக்கு." கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நீட்டுவார். "தனியா ஒரு தொட்டியில விட்டு இதை ஊத்துங்க தம்பி. சரியாயிடும்."

தனியாக விடச் சொன்னது சரியான யோசனை. மருந்தும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்தத் தனித் தொட்டியின் தண்ணீரைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. சிகிச்சையின் பாதியில் மீன் செத்துப்போனால் "மருந்து கேக்கலை" என்று முடித்துவிடுகிறோம். பல வீடுகளில் அந்த மீனைக் கொன்றது நோயல்ல, அமோனியா என்பது என் உறுதியான எண்ணம்.

வெள்ளைப் புள்ளி நோயையே எடுத்துக்கொள்வோம். இக்தியோப்தீரியஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்கும் செவுளுக்கும் உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்து கீழே விழுந்து, குஞ்சுகளாகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும் நேரத்தில்தான் மருந்துக்குச் சிக்கும். அதனால் புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாள் மருந்து தொடர வேண்டும். இரண்டு வாரம்கூட ஆகலாம். அத்தனை நாளும் மீன் வாழப்போவது நேற்றுதான் தண்ணீர் நிரப்பிய தொட்டியில்.

மீன் தின்ற புரதத்தின் கழிவு பெரும்பகுதி செவுள் வழியாக அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. மூச்சு விடும் இடமே கழிவு வெளியேறும் இடமும். பழகிய தொட்டியில் பில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். இந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்களே என்பதை 1890 வாக்கில் அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியில் இவை தானாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நோய்வாய்ப்பட்ட மீனுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 சதவீதம் புரதமுள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால் ஏறக்குறைய 35 மில்லிகிராம் அமோனியா வரும். தொட்டி 40 லிட்டர் என்றால் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம். இது ஒரே நாள் கணக்கு. கேட்பதற்குச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் இருக்கிறது. அமோனியம் என்ற உருவம் மீனை அவ்வளவாகப் படுத்தாது. செவுளை எரிப்பது இன்னொன்றான கட்டற்ற அமோனியா. எந்த உருவம் எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் நச்சு உருவம். அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் ஆறரை சதவீதம். 8.5 ஆனால் 18 சதவீதம். கட்டற்ற அமோனியா லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தொட்டாலே செவுள் பாழாகத் தொடங்கும். மேலே பார்த்த 40 லிட்டர் தொட்டி, பி.எச். 8 தண்ணீரில், ஒரே நாளில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. வீட்டு போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும் ஊர்களில் பி.எச். 8 என்பது சாதாரணம்.

இதற்கு மேல், நாம் நல்லதுக்கென்று செய்யும் வைத்தியமே நிலைமையை மோசமாக்குகிறது. ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றைச் சீக்கிரம் முடிக்க ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு ஏற்றுகிறோம். நச்சு உருவத்தின் பங்கு ஏறுகிறது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது. மெத்திலீன் ப்ளூ ஊற்றுகிறோம். ஸ்பாஞ்சில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச நல்ல நுண்ணுயிரும் போய்ச் சேருகிறது. எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கும் அவற்றை விட்டுவைக்காது. மருந்தை உறிஞ்சிவிடும் என்று கரியை எடுத்துவிட்டு, அமோனியாவைப் பிடிக்கட்டும் என்று ஜியோலைட் கல்லைப் போடுகிறார்கள் சிலர். நன்னீரில் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதே தொட்டியில் கல் உப்பும் போட்டால், பிடித்து வைத்த அமோனியாவை ஜியோலைட் திரும்பத் தண்ணீரிலேயே கக்கிவிடும். உப்பும் ஜியோலைட்டும் ஒரு தொட்டியில் சேரவே கூடாது.

பிறகு நடப்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. மூன்றாம் நாள் மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. செவுள் சிவந்திருக்கிறது. துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் கிடக்கிறது. செவுளில் ஒட்டுண்ணி இருந்தாலும் இதே அறிகுறிகள்தான். அமோனியா ஏறினாலும் இதேதான். பார்க்கிறவர் நோய் முற்றிவிட்டது என்று பதறி இன்னும் ஒரு மூடி மருந்தை ஊற்றுகிறார். அந்த நேரத்தில் மீனுக்குத் தேவைப்பட்டது பாதித் தொட்டி புதுத் தண்ணீர்.

எது காரணம் என்று கண்ணால் சொல்ல முடியாது. டெஸ்ட் கிட் சொல்லும். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், அதில் இரண்டு குப்பியிலிருந்தும் சொல்லியபடி சொட்டுகள், நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எலுமிச்சை மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை. கிளிப்பச்சைக்குத் திரும்பினால் ஏறத் தொடங்கிவிட்டது. அடர்பச்சை என்றால் அன்றைக்கே தண்ணீர் மாற்ற வேண்டும். குழாயை வெள்ளைத் தாளின் மேல், பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. மெத்திலீன் ப்ளூ போட்ட தண்ணீரில் நிறமே ஏமாற்றும். அந்தத் தொட்டிக்குச் சோதனையை நம்பாமல் நாள்தோறும் தண்ணீர் மாற்றுவதே வழி.

பி.எச். எட்டை ஒட்டியிருக்கும் தண்ணீரில் மொத்த அமோனியா 0.5 காட்டினால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுவது நல்லது. மாற்றினால் மருந்து வீணாகுமே என்ற தயக்கம் வேண்டாம். எவ்வளவு தண்ணீரை எடுத்தீர்களோ அந்த அளவுக்கு மட்டும் மருந்தைக் கணக்கிட்டுச் சேர்த்தால் போதும். லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு என்று வைத்திருக்கும் 40 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் மாற்றினால், 60 கிராம் உப்பைப் புதுத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். முழுத் தொட்டிக்கும் மறுபடி மருந்து போடுகிறவர்கள் இரண்டே நாளில் மருந்தாலேயே மீனைக் கொல்வார்கள். போர் தண்ணீரை எடுத்த கையோடு ஊற்றாமல், டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஓர் இரவு வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினைப் போக்க ஹைப்போ.

தீவனத்தைக் குறைக்க நிறைய பேருக்கு மனசு வராது. நோயாளிக்குத் தெம்பு வேண்டாமா என்று கேட்பார்கள். நன்றாகத் தின்று வளர்ந்த பெரிய மீன் நான்கைந்து நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. அது தின்னாமல் விட்ட தீவனம் அடியில் அழுகினால்தான் ஆபத்து. சிறு குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

"அமோனியா ரிமூவர்" என்று கடையில் கிடைக்கும் திரவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மயில்துத்தமோ வேறு காப்பர் மருந்தோ போட்ட தொட்டியில் அதை ஊற்றாதீர்கள். அதிலுள்ள வேதிப்பொருள் காப்பரை மீனுக்கு இன்னும் கடுமையான உருவத்துக்கு மாற்றிவிடக்கூடும். காப்பர் சிகிச்சையில் அமோனியாவுக்கு மருந்து தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான்.

புதிதாக வாங்கிய மீனைப் பிரித்து வைப்பவர்களுக்கும் ஒன்று. நெடுநேரம் பயணம் செய்த பாக்கெட்டில் மீன் விட்ட கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருக்கும். சேர்ந்த அமோனியா எல்லாம் சாதுவான உருவத்தில் அடங்கியிருக்கும். பாக்கெட்டைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அமோனியா நஞ்சாக மாறும். அப்படிப்பட்ட மீனைத் திறந்த பாக்கெட்டிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து ஒரு மணி நேரம் பழக்குவது தப்பு. மூடிய பாக்கெட்டைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டுவிட வேண்டும்.

இவ்வளவு பாட்டையும் பாதியாகக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. சின்ன ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றை வாங்கி, நல்ல மீன்கள் இருக்கும் பெரிய தொட்டியிலேயே எப்போதும் ஓடவிட்டு வைத்திருங்கள். ஆறு வாரத்தில் அதில் நுண்ணுயிர் குடியேறிவிடும். நோய் வந்த அன்று அதைத் தூக்கி மணல் போடாத வெறும் தொட்டியில் மாட்டினால் முதல் நாளிலிருந்தே அமோனியாவை அது பார்த்துக்கொள்ளும். லிட்டருக்கு 3 கிராம் உப்பை அந்த நுண்ணுயிர்கள் தாங்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் கொட்டாமல் ஒரு நாளில் மூன்று தவணையாகச் சேர்த்தால் போதும். இடையில் நைட்ரைட் ஏறினாலும் உப்பிலுள்ள குளோரைடு அது செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கும். வெள்ளைப் புள்ளிக்கு நான் முதலில் உப்பைச் சொல்வது இதனால்தான். செதிலில்லாத மீன்களும் கோரிடோராஸ் வகையும் மட்டும் இந்த அளவு உப்பை ஏற்காது.

சிகிச்சை முடிந்ததும் அந்த ஸ்பாஞ்சைத் திரும்பப் பெரிய தொட்டியில் போட்டுவிடாதீர்கள். ஒட்டுண்ணியும் கூடவே போகும். பிழிந்து, வெயிலில் மொடமொடவென்று காயவைத்து எடுத்து வையுங்கள். தொட்டியையும் வலையையும் அப்படியே. பெரிய தொட்டியில் அன்றைக்கே வேறொரு புது ஸ்பாஞ்சை மாட்டிவிடுங்கள். அடுத்த முறைக்கு அது தயாராக ஆறு வாரம் வேண்டும்.