கண்ணுக்கும் ஒரு கால அட்டவணை

இரயில் எஞ்சின் ஓட்டுநர் வேலைக்கு ஒருவர் வரவேண்டுமாயின், கண்ணாடியின் துணையின்றியே அவருடைய இரு கண்களும் தனித்தனியே முழுப் பார்வை உடையனவாக இருத்தல் வேண்டும். வேலையில் அமர்ந்த பின்னரும் சோதனை நிற்பதில்லை. 45 வயது வரை நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், 55 வயது வரை ஈராண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் அவர் மருத்துவர் முன் நிற்க வேண்டும் என்பது இரயில்வே விதி. “எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே” என்னும் சொல் அங்கே செல்லாது. குறை கண்டு சோதிப்பதன்று அது; நாள் வந்தமையால் சோதிப்பது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? தன் கண்ணின் குறையைத் தானே அறிவது மனிதனுக்கு எளிதன்று என்பதே காரணம். 1875ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு இரயில் வண்டிகள் மோதிக்கொண்டன. விளக்கின் நிறத்தை ஊழியர் பிரித்தறியாமை அதற்குக் காரணமாய் இருந்திருக்கலாம் என்று எண்ணினார் ஹோல்ம்கிரேன் என்னும் பேராசிரியர். பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்து இரயில்வே ஊழியரைச் சோதித்தார். சிலருக்கு நிறக்குருடு இருப்பது வெளிப்பட்டது. அந்த விபத்தின் காரணத்தைப் பற்றிப் பிற்காலத்தார் ஐயுற்றதுண்டு. எனினும் இரயில்வே ஊழியரின் கண்களைச் சோதித்தே ஆகவேண்டும் என்னும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்ற அது ஏதுவாயிற்று.

ஆயிரம் பயணிகளின் உயிரைச் சுமக்கும் ஓட்டுநருக்கு உள்ள இவ்விதி, ஒரு குடும்பத்தைச் சுமக்கும் நமக்கு இருந்தால் என்ன என்பதே நேயர்களை நான் கேட்க விரும்பும் கேள்வி.

கண்ணில் வரும் நோய்கள் யாவும் முன்னறிவிப்புடன் வருவன அல்ல. கண்புரை மெல்ல மெல்லப் பார்வையை மங்கச் செய்து தன் வரவைத் தெரிவிக்கும். அறுவைச் சிகிச்சையால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கண்ணீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமாவோ அத்தகையதன்று. அதன் பெரும்பான்மையான வகையில் வலியில்லை, சிவப்பில்லை. முதலில் குறைவது பக்கப் பார்வை. நேரே உள்ள எழுத்து தெளிவாகத் தெரிவதால், நோயாளி ஐயுறவே மாட்டார். அவர் அறியும் வேளையில் பார்வை நரம்பின் பெரும்பகுதி கெட்டிருக்கும். கெட்ட நரம்பை மீட்க மருந்தில்லை. எஞ்சியதைக் காக்கச் சொட்டு மருந்தும் சிகிச்சையும் உண்டு. ஆகவே, முன்னதாகக் கண்டுபிடித்தலே இந்நோயில் முழுப் பயன் தருவது. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் உண்டாயின் நமக்கும் வரும் வாய்ப்பு மிகுதி.

நீரிழிவுக்காரரின் நிலையும் இதுவே. சர்க்கரை மிகுதியால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுற்றுக் கசிகின்றன. தொடக்கத்தில் பார்வை சிறிதும் குறையாது. அக்காலத்திலேயே கண்டால் லேசர் ஒளியாலும் ஊசி மருந்தாலும் பார்வையைக் காக்க வழியுண்டு.

குழந்தைகளோ குறை சொல்ல அறியார். பிறந்தது முதல் மங்கலாகவே கண்ட பிள்ளை, உலகமே அப்படித்தான் என்று எண்ணும். ஒரு கண் மட்டும் குறையுடையதாயின், மற்றொரு கண் வேலையை ஏற்றுக்கொள்ளும். குறைக் கண் பயன்படாமலே பழகிச் சோம்பிவிடும். ஏழெட்டு வயதிற்குள் கவனித்தால் இதைத் திருத்துதல் எளிது. நாள் செல்லச் செல்ல அரிது. கரும்பலகை தெரியாத பிள்ளையைப் படிப்பில் மந்தம் என்று ஏசும் வீடுகள் நம்மிடையே எத்தனை!

பயணச் சீட்டுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்போர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. நாற்பதைக் கடந்த பயணி, சீட்டைக் கை நீளும் மட்டும் நீட்டி, தலையைப் பின்னே சாய்த்துப் படிப்பார். இதுவே வெள்ளெழுத்து. இயல்பாக வருவது, அஞ்சத்தக்கதன்று. ஆனால் பலர் கடைத்தெருவில் ஆயத்தமாக விற்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, எழுத்து தெரிந்துவிட்டது என்று அமைதி கொள்கின்றனர். கண்ணாடி எழுத்தைக் காட்டும். கண்ணின் அழுத்தத்தையோ விழித்திரையையோ அது சோதிக்காது. மருத்துவரிடம் செல்லத் தூண்டும் ஒரே குறையும் நீங்கிவிடுவதால், மறைந்திருக்கும் நோய் மறைந்தே வளர்கிறது.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பத்துப் பெரியோர் சிலர் மருத்துவமனை செல்லத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. “எனக்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாதே, பலகையை எப்படிப் படிப்பேன்?” என்பர். அக்கவலை வேண்டா. எழுத்தறியாதார்க்கென்றே மூன்று கிளையுடைய ஓர் உருவைப் பல திசைகளில் திருப்பி அச்சிட்ட பலகை உண்டு. கிளைகள் எப்பக்கம் நோக்குகின்றன என்று கையால் காட்டினால் போதும். மேலும், இப்பகுதியில் தமிழ் அறிந்தோர் பலர்.

வசதியும் அருகிலேயே உள்ளது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் திருப்பதியிலும் கிளை உண்டு. நோயாளி வரும்வரை காத்திராமல் ஊர் ஊராகச் சென்று முகாம் நடத்திக் கண் பார்த்தமையே அந்நிறுவனத்தின் பெருமை. சித்தூரார்க்கு வேலூரும் அண்மையே. அங்கு 1902இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய ஷெல் மருத்துவமனை, பிற்காலத்தில் கண் மருத்துவத்திற்கே உரியதாயிற்று.

ஆகவே, வீட்டுச் சுவரில் மாட்டியுள்ள நாட்காட்டியில் நம் கண்களுக்கும் ஒரு கால அட்டவணை குறிப்போமாக. பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்குமுன் ஒரு முறை, பின்னர் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை. நாற்பது வயதில் குறையிருப்பினும் இல்லாவிடினும் ஒரு முழுச் சோதனை, அதன்பின் ஈராண்டுக்கு ஒரு முறை. அறுபதைக் கடந்தோர்க்கு ஆண்டுதோறும். நீரிழிவு உடையோர் அது கண்டறியப்பட்ட நாள் முதலே ஆண்டுதோறும். குடும்பத்தில் கிளாக்கோமா உள்ளோர் மருத்துவர் குறிக்கும் நாளில். திடீரெனப் பார்வை குறைந்தாலோ, கண் முன் மின்னல் தோன்றினாலோ, கடுமையாக வலித்தாலோ அட்டவணையை நோக்காமல் அன்றே செல்லுதல் வேண்டும்.

செல்லும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்க. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை கூசி மங்கும். அந்நிலையில் வண்டி ஓட்டலாகாது. பழைய கண்ணாடியையும், உண்ணும் மருந்துகளின் சீட்டையும் உடன் கொண்டு செல்க. கண்ணின் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்த்தார்களா என்று கேட்டறிந்து திரும்புக.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை என்பது நம் முன்னோர் பழமொழி. குறித்த நாளில், குறையொன்றும் இல்லாதபோதே, மருத்துவரிடம் கண்ணைக் காட்டுவதே அறிவுடைமை.