ஆய்வகத்துக்கு வெளியே – 9: ஆட்டுக்காரரைக் கேட்டிருக்கலாம்

மூன்று வாரம் பொறுங்கள், சரியாகிவிடும் என்றுதான் அரசு சொன்னது. 1986 ஜூன் 20 அன்று, கம்பிரியா, வடக்கு வேல்ஸ் மலைப் பகுதிகளில் செம்மறி ஆடுகளை வெட்டவும் இடம் மாற்றவும் பிரிட்டனின் வேளாண் அமைச்சகம் தடை போட்டது. அந்தத் தடையின் கடைசி மிச்சம் விலகியது 2012 ஜூன் 1 அன்று. மூன்று வாரம் இருபத்தாறு ஆண்டாக நீண்டுவிட்டது.

செர்னோபில் அணு உலை வெடித்தது அதே 1986 ஏப்ரல் 26. கதிரியக்கத் தூசியைச் சுமந்த காற்று ஐரோப்பாவைக் கடந்து பிரிட்டனுக்கு வந்த நேரம் பார்த்து, மே முதல் வாரத்தில் அந்த மலைகளில் பேய்மழை. காற்றோடு போயிருக்க வேண்டிய கதிரியக்கச் சீசியம் மழையோடு புல்லில் இறங்கியது. முதலில், உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று அமைச்சர் தரப்பில் உறுதி சொல்லப்பட்டது. ஆறேழு வாரம் கழித்து, ஆட்டிறைச்சியில் சீசியம் கிலோவுக்கு 1,000 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது என்று தடை வந்தது. பிரிட்டன் முழுவதுமாகச் சேர்த்தால் ஒரு கட்டத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன.

மூன்று வாரம் என்பது வாய்க்கு வந்த கணக்கு அல்ல. ஆட்டின் உடலில் சேரும் சீசியத்தில் பாதி சில வாரங்களில் கழிவோடு வெளியேறிவிடும். புல்லில் படிந்தது மழையில் கழுவப்பட்டு மண்ணுக்குள் போகும். மண்ணில் உள்ள களித் துகள்கள் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மறுபடி வேர் வழியாக மேலே வராது. புதிய புல் சுத்தமாக முளைக்கும், ஆடு சுத்தமாகும். ஒவ்வொரு கண்ணியும் சோதித்துப் பார்த்த அறிவியல்தான்.

ஆனால் கம்பிரியா மலைகளில் களிமண் குறைவு. மட்கியும் மட்காமலும் கிடக்கும் தாவரக் கழிவால் ஆன கரிய புளிப்பு மண் அங்கே அதிகம், பீட் என்பார்கள். சீசியத்தைக் கவ்விப் பிடிக்க அதில் ஆள் இல்லை. மண்ணில் இறங்கிய சீசியம் வேர் வழியாக மறுபடி புல்லுக்கு ஏறியது, புல்லில் இருந்து ஆட்டுக்கு, ஆட்டுப் புழுக்கையில் இருந்து மறுபடி மண்ணுக்கு. மூன்று வாரம் கழித்து அளந்தபோது அளவு இறங்கவில்லை. சில இடங்களில் ஏறியும் இருந்தது. ஜூலை இறுதியில் தடைக்குக் காலவரையறை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள்.

கணக்கு தப்பியதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். அது எப்படித் தப்பியது என்பதுதான் இந்தத் தொடருக்கு வேண்டிய சங்கதி. 1950கள், 60களில் அணுகுண்டுச் சோதனைகளின் தூசி மண்ணில் விழுந்தபோதே சீசியத்தை ஆராய்ந்திருந்தார்கள். அப்போது முன்னே நின்ற கேள்வி, தரையில் கிடக்கும் சீசியம் மேலே நிற்கும் மனிதன்மீது எவ்வளவு கதிர் வீசும் என்பது. அதற்கு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்தால் போதும். எந்த மண்ணில் அது திரும்ப வேருக்கு ஏறும் என்பது அந்தக் கேள்வியில் இல்லை. கேட்காத கேள்விக்குக் கோப்பில் விடை எப்படி இருக்கும்? தாழ்நிலக் களிமண்ணுக்குப் பொருந்திய விடையை எடுத்து மலைக்கும் ஒட்டினார்கள். மலை மண் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால்கூட ஆட்டுக்காரர்கள் அதற்கேற்ப ஏதாவது செய்திருப்பார்கள்.

அவர்கள் நிலை என்ன? அந்த மலை ஆடுகளுக்கு வேலி கிடையாது. தாய் ஆட்டோடு திரிந்துதான் குட்டி தன் மேய்ச்சல் எல்லையைக் கற்றுக்கொள்கிறது; தலைமுறை தலைமுறையாக ஒரே மலைச் சரிவை விட்டு மந்தை நகராது. மந்தையை விற்றுவிட்டு வேறு வாங்கினால், வந்த ஆட்டுக்கு அந்த மலை தெரியாது. மந்தை மேய்க்கும் நம் கீதாரிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். குட்டிகள் சரியான எடைக்கு வரும் சில வாரங்களுக்குள் விற்றாக வேண்டும். பிடித்து வைத்தால் எடை போகும், தரம் போகும், கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் கொஞ்சம் நல்ல புல்லும் போகும். அந்தப் புல்தான் குளிர்காலத் தீவனம். மலைப்புல் வேண்டாம், பள்ளத்தாக்கில் மேயவிடுங்கள் என்று நிபுணர்கள் சொன்ன யோசனை, அடுத்த ஆண்டு மந்தைக்குப் பட்டினி என்று பொருள்படும். வைக்கோல் வாங்கிப் போடுங்களேன் என்றும் ஒரு யோசனை வந்தது. நம்மூர் மாடு வைக்கோல் தின்னும். அந்த ஆடு சீண்டாது என்று விவசாயிகள் சிரித்தார்கள், எரிச்சலான சிரிப்பு.

பென்டோனைட் சோதனையும் இதே ரகம். பென்டோனைட் ஒரு களிமண். அதைப் புல்லில் தூவினால் சீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம் நியாயமானது. எவ்வளவு தூவினால் எவ்வளவு பலன் என்று பார்க்க, நிலத்தைப் பாத்தி பாத்தியாக வேலி கட்டி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆடுகளை அடைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அடைத்துத்தானே ஆக வேண்டும்? ஆய்வகத்தில் பழகிய கைக்கு அது இயல்பு. திறந்த மலையில் திரிந்த ஆட்டை வேலிக்குள் போட்டால் மெலிந்துவிடும், அதன் உடம்பில் எடுக்கும் எந்த அளவும் மலை ஆட்டுக்குப் பொருந்தாது என்று விவசாயிகள் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்கள். காது கொடுப்பார் இல்லை. பிறகு அந்தச் சோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. நீங்கள் சொன்னது சரி என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை.

ஆட்டைப் பிடித்து நிறுத்தி, பின்பக்கம் கருவியை வைத்துக் கதிரியக்கம் அளக்கும் வேலை வந்தபோது, விவசாயிகள் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். ஒரே ஆட்டில் முதல் தடவை ஒரு எண், இரண்டாம் தடவை வேறு. கருவியைக் கொஞ்சம் நகர்த்தினால் இன்னொன்று. முதல் சுற்றில் தோற்ற ஆடுகளை மறுபடி அளந்ததும் பெரும்பாலானவை தேறிவிட்ட அனுபவமும் உண்டு. அளவை என்றால் அப்படித்தான். ஆய்வாளர் எவருக்கும் அது தெரியும். அறிக்கையில் மட்டும் ஒற்றை எண்ணாக, சந்தேகத்துக்கு இடமில்லாததாக வரும். எண் பிறக்கும் இடத்தை இவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் அறிக்கையின் தோரணை அவர்களிடம் எடுபடவில்லை.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு விஷயம் மலையடிவாரத்தில் புகைபோக்கிகளோடு நின்றது. செல்லாஃபீல்டு அணு ஆலை. பழைய பெயர் விண்ட்ஸ்கேல். 1957 அக்டோபரில் அங்கே உலை தீப்பிடித்தது. சுற்றுவட்டாரப் பண்ணைகளின் பாலை வாரக்கணக்கில் கீழே கொட்டினார்கள். அந்த விபத்தின் முழு விசாரணை அறிக்கை முப்பது ஆண்டு பூட்டில் கிடந்து, 1988 ஜனவரியில்தான் வெளியே வந்தது. தடை நீடித்த பண்ணைகளை வரைபடத்தில் குறித்தால், அந்த ஆலைக்கு அருகே பிறை வடிவில் சுமார் 150 பண்ணைகள். விவசாயிகள் கேட்டது எளிய கேள்வி: இது செர்னோபில் சீசியமா, பக்கத்து ஆலையின் சீசியமா?

செர்னோபில்தான் என்றது நிபுணர் தரப்பு. அதற்குச் சான்றும் காட்டியது. சீசியம்-134, சீசியம்-137 என்று இரண்டு வகை. முதலாவது இரண்டு ஆண்டில் பாதியாகிவிடும், இரண்டாவதற்கு முப்பது ஆண்டு. ஆகவே இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால் தூசியின் வயது தெரியும். அருமையான முறை. ஆனால் அதே முறையை நிதானமாகக் கையாண்டபோது, மலையில் இருந்த சீசியத்தில் ஏறக்குறைய பாதிதான் செர்னோபில். மீதி விண்ட்ஸ்கேல் தீயும் அணுகுண்டுச் சோதனைகளும் விட்டுப்போனது என்று நிபுணர்களே பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. 1957க்குப் பிறகு அந்த மலையை ஒழுங்காக அளந்த பதிவு எங்கே என்று கேட்டவர்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. மறைத்தார்களா, அளக்கவே இல்லையா? இரண்டில் எது மோசம் என்று விவசாயிகள் தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவற்றையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர் பிரையன் வின். கேம்பிரிட்ஜில் பொருளறிவியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, சமூகவியலுக்கு நகர்ந்து, லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மலையில் இருந்து தொலைவில்லாத பல்கலைக்கழகம் அது. 1989இல் தொடங்கி அவர் எழுதிய கட்டுரைகள் அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை ஆராயும் துறையில் நுழையும் மாணவர்களுக்குப் பாடம். விவசாயிகளுக்கு அறிவியல் புரியாததால் நம்பிக்கை போனது என்ற பேச்சை அவர் தலைகீழாக்கினார். அவர்கள் நிபுணர்களை எடைபோட்ட விதம் அறிவுக்கு ஒத்தது: இவர்கள் முன்பு எப்படி நடந்துகொண்டார்கள், தெரியாததைத் தெரியாது என்கிறார்களா, யாருக்குச் சம்பளக்காரர்கள், நம் தொழிலைப் பற்றி நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா. சக விஞ்ஞானியின் கட்டுரையைத் திருத்தும்போது விஞ்ஞானிகள் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். கூடங்குளம் நினைவுக்கு வருபவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக வருவோம்.

போன வாரம் பார்த்த ராயல் சொசைட்டி அறிக்கையை இப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மரபியலாளர் வால்டர் பாட்மர் தலைமையில் 1985இல் வந்தது அது. மக்களுக்கு அறிவியலைப் புரியவைத்தால் ஆதரவு தானே வரும் என்பது அதன் நம்பிக்கை. பின்னாலேயே கணக்கெடுப்புகள் வந்தன. பூமி சூரியனைச் சுற்ற ஓராண்டு ஆகிறது என்று பிரிட்டனில் மூன்றில் ஒருவருக்குத்தான் தெரிகிறது என்று 1989இல் தலையில் கைவைத்தார்கள். கம்பிரியா ஆட்டுக்காரரிடமும் அதே கேள்வித்தாளை நீட்டியிருந்தால் அவரும் தோற்றிருக்கலாம். அவர் மண்ணைப் பற்றி விஞ்ஞானிக்கு ஒரு கேள்வித்தாள் தயாரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

தனிமனித அகம்பாவம் என்று இதை முடித்துவிட முடியாது. ஆய்வாளரின் வேலை எதனால் அளக்கப்படுகிறதோ அதைத்தான் அவர் செய்வார். வேலி கட்டிய பாத்திகளில் எடுத்த எண்கள் கட்டுரையாகும். ஆட்டுக்காரரின் அடுப்படியில் உட்கார்ந்து கேட்ட மூன்று மணி நேரம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. “உறுதியாகச் சொல்ல முடியாது” என்று எழுதும் அதிகாரியை அமைச்சர் விரும்புவதும் இல்லை. 1990இல் ‘மேட் கவ்’ எனும் மாட்டுப் பித்து நோய் பீதியின்போது வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்கள் முன்னால் தன் மகளுக்கு மாட்டிறைச்சி பர்கரை நீட்டியது நினைவிருக்கலாம். 1996இல் அதே அரசு, மனிதருக்கும் நோய் பரவியிருக்கக்கூடும் என்று நாடாளுமன்றத்தில் சொல்ல நேர்ந்தது. அந்த அடிக்குப் பிறகு, 2000இல் பிரபுக்கள் சபையின் குழு ‘அறிவியலும் சமூகமும்’ என்ற அறிக்கையில், மக்களுக்கு வகுப்பெடுத்தால் போதாது, அவர்களோடு உரையாட வேண்டும் என்று எழுதியது.

உரையாடல் என்ற சொல் அதன்பின் ஆய்வு நிதி விண்ணப்பங்களில் ஒரு கட்டமாக இடம்பிடித்துவிட்டது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு பள்ளிக்கூட உரை, ஒரு திறந்த நாள், ஒரு சிறு காணொளி. எல்லாம் பேசுகிற வேலை. ஆய்வின் கேள்வியையே மாற்றும்படி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு அரிது. நிதி ஒப்புதலாகி, முறை எழுதி, ஆள் எடுத்த பிறகுதான் பொதுமக்களிடம் போகிறார்கள். அப்போது மாற்றுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

பொதுமக்களில் ஒரு கூட்டம் அந்த வாசலுக்கு முன்னதாகவே போய், சோதனையின் விதிமுறைகளைப் படித்து, இப்படிச் செய்யாதீர்கள் என்று விஞ்ஞானிகளோடு மல்லுக்கு நின்றதும் உண்டு. 1980களின் கடைசியில், நியூயார்க்கில். அவர்கள் எய்ட்ஸ் நோயாளிகள். விவசாயிகளுக்கு இருந்த அளவு நேரம்கூட அவர்களுக்கு இல்லை. அடுத்த வாரம் அங்கே போவோம்.