வில் மட்டும் போதுமா?

மாஸ்டா நிறுவனத்தார் 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5, இருவர் அமரும் சிறிய கார். வாரநாட்களில் வீதியிலும், விடுமுறையில் பந்தயத் தடத்திலும் இதை ஓட்டுவோர் பலர். அவர்களுள் சிலர், பழைய வில்லைக் கழற்றி விறைப்பான வில்லை மட்டும் மாட்டிவிடுகின்றனர். இது சரியா?

நண்பர்களே, நாம் ஆய்வுக்கூடத்தில் செய்த சுருள்வில் சோதனையே விடை கூறும். விறைப்பை இருமடங்காக்கினால் கார் மேலும் கீழும் ஆடும் அதிர்வெண் சுமார் 1.4 மடங்காகிறது. வளைவில் சாய்வதும் குறைகிறது. தடத்தில் இது நன்மையே. ஆனால், ஆட்டத்தைத் தணிப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. அது பழையதாகவே இருந்தால், தணிப்பு விகிதம் முன்னிருந்ததில் சுமார் 70 சதவீதமாகிவிடும். குழியில் இறங்கிய கார் துள்ளும். துள்ளும் டயர் தரையைப் பற்றாது. பற்றாத டயருக்குப் பிரேக் போட்டும் பயனில்லை.

ஆகவே, இரண்டையும் பொருத்தமான ஜோடியாகவே வாங்க வேண்டும். காரை மிகவும் தாழ்த்துவதும் ஆகாது. சக்கரம் மேலெழ இடமின்றி ரப்பர்க் கட்டையில் மோதும். விறைப்பு திடீரெனப் பன்மடங்காகி, வளைவில் டயர் வழுக்கும்.

ஆண்டில் பெரும்பாலான நாள் ஓடுவது வீதியில்தான். எனவே வீதி தாங்கும் வில்லைத் தேர்ந்து, தணிப்பைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஷாக் அப்சார்பரை அதனுடன் இணைப்பதே அறிவுடைமை.